டி-ஷர்ட்டில் கடுகளவு ஓட்டை: பூச்சியைத் தேடும் முன் துணியைப் பாருங்கள்

மன்னார்குடி பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பருத்தி டி-ஷர்ட்டுகளிலும் கணவருடையதிலும் வயிற்றுப் பக்கம் கடுகளவு ஓட்டைகள் விழுகின்றன. புதிதாக வாங்கியதற்கும் மூன்று நான்கு மாதத்தில் அதே கதி. போன மாதம் அம்மாவின் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துப் பார்த்தால் அதிலும் ஓட்டை. சாயங்காலமானால் வீட்டுக்குள் சின்னச் சின்ன அந்துப்பூச்சிகள் பறக்கின்றன. சுவரில் சாம்பல் நிறக் கூடு ஒன்று நகர்வதையும் பார்த்திருக்கிறீர்கள். பீரோ முழுக்கப் பாச்சை உருண்டை போட்டும் பிரச்சினை நிற்கவில்லை. கடைசியில், "இது என்ன பூச்சி, என்ன மருந்து போடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சியின் பெயர் பிறகு இருக்கட்டும். இந்த ஓட்டைகளைப் போட்டது பூச்சிதானா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. டி-ஷர்ட்டையும் புடவையையும் கெடுத்தது ஒன்றே என்று நீங்கள் எடுத்துக்கொண்டதாகவும் தெரிகிறது. நீங்கள் எழுதியதைப் படித்தவரை எனக்கு இவை இரண்டும் தனித்தனி வழக்குகள்.

நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவன். திருப்பூரில் பின்னலாடை யூனிட்டுகளில் துணியை லைட் டேபிளில் விரித்து ஓட்டை தேடுவதே பல வருடம் என் வேலை. இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். ஜவுளிக் கடைகளுக்குப் புகாராகத் திரும்பி வரும் துணிகளையும், டார்னிங்குக்கு, அதாவது ஓட்டையை இழை கோத்து அடைக்க, வரும் பட்டுப்புடவைகளையும் பார்த்துக் காரணம் சொல்கிறேன். உங்கள் துணியை நான் கையில் வைத்துப் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியான விஷயத்திலிருந்து தொடங்கலாம். துணியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு புரதம். கம்பளி, முடி, இறகு போன்றவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தை அதனால் செரிக்க முடியும். பட்டும் புரத இழைதான் என்பதால் அதையும் கடிக்கும், கம்பளி அளவுக்கு விரும்பாவிட்டாலும். பருத்தி செல்லுலோஸால் ஆனது. அதைத் தின்று இந்தப் புழு வளர முடியாது. வியர்வையோ குழம்போ பாலோ பட்டு, துவைக்காமல் சுருட்டி வைத்த பருத்தித் துணியில் அந்தக் கறைக்காகக் கடிப்பதுண்டு. துவைத்து மடித்து அடிக்கடி உடுத்தும் டி-ஷர்ட்டில் அது குடியிருக்க வழியே இல்லை. அது அசையாத, இருட்டான, மாதக்கணக்கில் யாரும் தொடாத இடத்தைத் தேடும் பூச்சி. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இறக்கை முளைத்த அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை. முட்டையிடுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். கடிப்பதெல்லாம் புழு.

அப்படியானால் சாயங்காலம் பறப்பது எது? இங்கே டெல்டாவில் நான் அதிகம் பார்க்கும் குழப்பமே இதுதான். வீட்டில் விதைநெல்லோ சாப்பாட்டு நெல்லோ மூட்டையில் இருக்கிறதா? இருந்தால் பறப்பது பெரும்பாலும் நெல் அந்து. நெல்மணிக்குள்ளேயே புழுவாக வளர்ந்து, மணியில் வட்டமாகத் துளை போட்டு வெளியே வரும் வைக்கோல் நிறப் பூச்சி. அறுவடை முடிந்து மூட்டை அடுக்கிய சில வாரங்களில் பெருகி, வீடெல்லாம் பறந்து, கொடியில் கிடக்கும் துணியிலும் பீரோ கதவிலும் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் ஓட்டையைப் பார்த்ததும் பழி அதன் மேல் விழுகிறது. அது துணியைத் தொடாது. மூட்டையிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். துளை விழுந்த மணிகள் இருந்தால் அந்தப் பூச்சிக்கு ஊர் எதுவென்று தெரிந்துவிடும். துணி அந்து வேறு மாதிரி நடந்துகொள்ளும். விளக்கு வெளிச்சத்தை நோக்கி வராமல், மடிப்பை விரித்தால் இருட்டைத் தேடி ஓடும். நிறம் தங்கம் கலந்த மங்கல், தலையில் செம்பட்டையாக ரோமம்.

சுவரில் நகரும் கூட்டைப் பற்றிக் கேட்டதும் நல்லதாயிற்று. பூசணி விதை போல இரண்டு பக்கமும் கூர்மையாக, தட்டையாக, மணலும் தூசியும் ஒட்டி இருக்கும். ஒரு முனையிலிருந்து சின்னத் தலை எட்டிப் பார்த்துக் கூட்டை இழுத்துக்கொண்டு போகும். இதுவும் அந்து வகைதான். ஆனால் இதன் முக்கிய உணவு பழைய ஒட்டடை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி. கம்பளி கிடைத்தால் தின்னும், பருத்தியை விட்டுவிடும். ஈரமான சுவர் உள்ள வீடுகளில் ஐப்பசி, கார்த்திகையில் நிறையத் தெரியும். ஒட்டடை அடித்துக் கூட்டைப் பொறுக்கிப் போட்டால் குறைந்துவிடும். உங்கள் டி-ஷர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பட்டுப்புடவை விஷயத்தில் மட்டும் இதை முழுதாக விடுவிக்க மாட்டேன். பீரோவுக்கு உள்ளேயே இந்தக் கூடு இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

பருத்தியைக் கடிக்கும் பூச்சிகளும் இருக்கின்றன. இராமபாணப் பூச்சி, வெள்ளி நிறத்தில் மின்னி ஓடுமே, அது மாவுச்சத்துக்கு அலையும். கஞ்சி போட்ட வேட்டி, காட்டன் புடவை, ரேயான் சுடிதார் இதற்குப் பிடித்தவை. அது செய்யும் சேதம் நறுக்கென்ற ஓட்டையாக இருக்காது. மேற்பரப்பைச் சுரண்டி, துணி மெலிந்து, பிறகு கோணல்மாணலாகப் பொத்துப்போகும். பக்கத்தில் மஞ்சள் கறையும் மிளகுப்பொடி அளவு கழிவும் கிடக்கும். கரப்பானும் பாச்சையும் சாப்பாட்டுக் கறை உள்ள இடத்தைக் கடிக்கும். கறையின் எல்லைக்குள்ளேயே ஓட்டை இருந்தால் அவற்றை நினைக்கலாம். கரையான் வந்தால் மண் தெரியும், ஓட்டையும் இவ்வளவு சின்னதாக இருக்காது. உங்கள் டி-ஷர்ட்டுகள் கஞ்சி போடாதவை, வாரம் ஒரு முறையாவது வெளியே வருபவை, ஓட்டை எல்லாம் ஒரே இடத்தில். பூச்சிக்கு வயிற்றுப் பக்கம், முதுகுப் பக்கம் என்ற வித்தியாசம் தெரியாது. எத்தனை டி-ஷர்ட் எடுத்தாலும் தொப்புளுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்குள்ளேயே ஓட்டை விழுகிறது என்றால், அந்த இடத்தில் துணி எதிலோ உரசுகிறது.

உரசினால் துணி தேயும், கிழியும், எப்படி இவ்வளவு வட்டமாக ஓட்டை விழும் என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். வேட்டியும் சட்டையும் நெய்த துணி. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பிடித்திருப்பதால் ஒரு இழை அறுந்தாலும் பக்கத்து இழைகள் அதை நகர விடாது. டி-ஷர்ட் பின்னிய துணி. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, கீழ்க்கண்ணிக்குள் மேல் கண்ணி மாட்டி நிற்கிறது. அதில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் மாட்டியிருந்த கண்ணி அவிழ்ந்து பின்வாங்கும். சுற்றியுள்ள கண்ணிகளின் இழுவையால் அந்த இடம் தானாகவே வட்டமாகத் திறந்துகொள்ளும். ஆகவே பின்னல் துணியில் வட்டமான ஓட்டை என்பது ஒரு நூல் அறுந்தது என்று மட்டுமே சொல்கிறது, கடித்தது யார் என்று சொல்வதில்லை. செக்கிங் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இது. இப்போது வரும் டி-ஷர்ட்டுகள் மெல்லியவை வேறு. 140, 150 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 140, 150 கிராம்தான். போதாக்குறைக்குத் துணி வழவழப்பாக இருக்க என்சைம் வாஷ் கொடுப்பார்கள். அந்த என்சைம் நூலின் மேலுள்ள பிசிறைத் தின்று மழமழப்பாக்கும்போது நூலின் பலத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

அந்த மெல்லிய துணி ஜீன்ஸ் பட்டனுக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஜீன்ஸ் போடும்போது பித்தளை பட்டனும் ஜிப்பின் முனையும் பெல்ட் பக்கிளும் சரியாக அந்த நாலு விரல் அகலத்தில்தான் இருக்கின்றன. வீட்டில் நைட் பேன்ட்தான், பட்டனே இல்லை என்றால் அடுப்படிக்குப் போங்கள். மேடைக் கல்லின் முன் விளிம்பை, முக்கியமாகக் கீழ்ப்பக்க விளிம்பை, விரலால் தடவிப் பாருங்கள். கடப்பைக் கல்லோ கிரானைட்டோ மேலே பாலிஷ் போட்டிருந்தாலும் கீழ் விளிம்பை அறுத்தபடியே விட்டிருப்பார்கள். பாத்திரம் தேய்க்கும்போது அதன் மேல் சாய்ந்து நின்று முன்னும் பின்னும் அசைகிறோம். சிங்க் பக்கத்தில் துணி ஈரமாகவும் இருக்கும், சோப்பும் பட்டிருக்கும். கணவர் டி-ஷர்ட்டில் அதே இடம் என்றால் பெல்ட்டைப் பாருங்கள், பைக் டேங்கைப் பாருங்கள். வயலுக்குப் போய் வருபவரானால் மூட்டை தூக்கும்போது சணல் சாக்கு உரசும் இடமும் அதுதான்.

இதை நீங்களே உறுதி செய்யலாம். ஜவுளிக்காரர்கள் இழை எண்ணும் மடக்கு லென்ஸ் ஒன்று உண்டு. அது கிடைக்காவிட்டால் மொபைல் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். டி-ஷர்ட்டை வெறும் கையில் பிடிக்காமல், உள்ளே ஒரு கறுப்பு அட்டையை வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். உரசி அறுந்த நூலின் முனை பிசிறு பிசிறாக விரிந்து நிற்கும். இழைகள் ஒன்று நீளம், ஒன்று குட்டையாக இருக்கும். ஓட்டையைச் சுற்றி ஒரு அங்குலத்துக்குத் துணி மங்கி, மெலிந்து, குட்டிக் குட்டி உருண்டை கட்டியிருக்கும். பக்கத்திலேயே இன்னும் ஓட்டை ஆகாத, ஆகப்போகிற இடங்கள் வெளிச்சத்தில் தெரியும். புழு கடித்ததென்றால் முனைகள் வெட்டியதுபோல் இருக்கும். ஓரத்தில் துணியின் மேல்தளத்தை மட்டும் மேய்ந்த தடம், மெல்லிய நூலாம்படை, துணியின் நிறத்திலேயே சின்னக் கழிவு மணிகள் என ஏதாவது ஒன்று கூடவே இருக்கும். துவைத்த பிறகு இந்தத் தடயம் எல்லாம் போய்விடும். அதனால் துவைக்கும் முன் பாருங்கள்.

ஓட்டை வயிற்றுப் பக்கம் மட்டும் இல்லாமல் ஒழுங்கின்றி எங்கெங்கோ இருந்தால் வாஷிங் மெஷினைச் சந்தேகிக்க வேண்டும். பிரா கொக்கி, திறந்த ஜிப், பாக்கெட்டில் மறந்த ஊக்கு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். டிரம்மிலேயே கூரான பிசிறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்து உள்பக்கம் முழுக்க மெதுவாகத் தடவுங்கள். எங்கே பஞ்சு மாட்டுகிறதோ அங்கே துணியும் மாட்டும். கல்லில் துவைப்பவர்கள் கல்லை மட்டும் பார்த்தால் போதாது, கல்லில் ஒட்டிய மணலையும் பார்க்க வேண்டும். தையல் ஓரமாகவே வரிசையாக ஓட்டை வந்தால் அது கம்பெனியின் தவறு. மெல்லிய பின்னல் துணிக்கு 9, 10, 11 நம்பரில் முனை உருண்ட ஊசி போட வேண்டும். தேய்ந்த ஊசியோ பெரிய ஊசியோ போட்டால் கண்ணிக்கு நடுவில் நுழையாமல் நூலையே குத்தி அறுத்துவிடும். கடையில் பார்க்கும்போது தெரியாது, மூன்று நான்கு சலவையில் திறக்கும். அது மாதிரி என்றால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகத் தயங்காதீர்கள்.

ரசாயனம் இன்னொரு வழி. உங்கள் கேள்வியில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் இதே பிரச்சினையோடு இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன். நம் பக்கம் கரண்ட் போவதால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியின் நீரில் எடைக்கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கந்தக அமிலம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போதோ மூடியைத் துடைக்கும்போதோ கண்ணுக்குத் தெரியாத துளி ஒன்று லுங்கியில் தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் ஆவியாகும், அமிலம் ஆவியாகாது. துளி காயக் காயக் கடுமையாகி, பருத்தியின் செல்லுலோஸை உடைத்து வைக்கும். அடுத்த சலவையில் அந்த இடம் மாவாக உதிர்ந்து ஓட்டை தெரியும். பேட்டரியும் சலவையும் வேறு வேறு நாள் என்பதால் யாருக்கும் முடிச்சுப் போடத் தோன்றுவதில்லை. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த சட்டையில் இந்தத் தடயம் அழகாகத் தெரியும். பருத்தி கரைந்து போய், பாலியஸ்டர் இழைகள் மட்டும் கொசுவலை மாதிரி மெல்லிய சல்லடையாக மிஞ்சியிருக்கும். பூச்சியோ உரசலோ இப்படி இழை பிரித்து வேலை செய்யாது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் இதே வேலையைச் செய்யும். பிளீச்சிங் பவுடரும் பிளீச் திரவமும் வேறு மாதிரி. ஓட்டையைச் சுற்றி நிறம் வெளிறி ஒரு வளையம் இருக்கும். பட்டையும் கம்பளியையும் அது கரைத்தே விடும். வெள்ளைத் துணியில் கொடிக்கம்பியின் துருக்கறை பட்டு, அதன் மேல் பிளீச் போட்டால் துரு இருந்த இடம் மட்டும் பொத்துக்கொள்ளும், ஏனென்றால் இரும்பு அந்த வினையை வேகப்படுத்துகிறது.

நெருப்புப் பொறியைக் கண்டுபிடிப்பது சுலபம். பருத்தியில் ஓட்டையின் ஓரம் பழுப்பாகக் கருகியிருக்கும். பாலியஸ்டர் சுமார் 255 டிகிரி செல்சியஸில் உருகுவது, ஆகவே நகத்தால் நெருடினால் ஓரத்தில் கடினமான மணி தட்டுப்படும். தீபாவளி, ஊதுபத்தி எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். தேய்க்கக் கொடுக்கும் துணியில் வரும் பொறி ஓட்டையைத்தான் பலர் யோசிப்பதில்லை. கரிப்பெட்டியின் காற்றுத்துளை வழியாக விழும் பொறி சட்டையின் தோளிலும் முதுகிலும் குண்டூசி முனை அளவு சுட்டுவிடும்.

இனி புடவை. இங்கே நான் பூச்சியை விலக்க மாட்டேன், ஏனென்றால் பட்டு புழுவுக்கு உணவு, கல்யாணப் புடவை வருடக்கணக்கில் தொடாமல் இருட்டில் இருப்பது. ஆனால் தீர்ப்புக்கு முன் ஒரு சோதனை. புடவையை விரித்து ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, பழைய மடிப்புக் கோட்டிலேயே மறுபடி மடியுங்கள். மடித்த பிறகு ஓட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்கடுக்காகப் பொருந்தி வருகின்றனவா? அப்படியானால் சேதம் பீரோவுக்குள், மடித்து வைத்த நிலையில் நடந்திருக்கிறது. புழு ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு இறங்கியிருக்கலாம், அல்லது லாண்டரிக்காரர் அடையாளத்துக்குக் குத்திய குண்டூசி துருப்பிடித்து இறங்கியிருக்கலாம். துரு என்றால் ஓரம் செம்மையாக இருக்கும், புழு என்றால் மடிப்புக்குள் கூடோ நூலாம்படையோ மிச்சம் இருக்கும். ஓட்டைகள் மடிப்புக் கோட்டின் மேலேயே வரிசையாக, அதுவும் ஜரிகை ஓரத்தில் என்றால் அது மடிப்பு வெட்டு. ஜரிகை உலோகம் சுற்றிய நூல். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் பக்கத்துப் பட்டிழையை அறுக்கும். மூன்றாவது, ஓட்டைகள் தோள் பக்கமும் கொசுவம் சொருகும் இடமும்தான் என்றால் அவை கல்யாணத்தன்று குத்திய ஊக்கின் ஓட்டைகள். முந்தானையின் கனம் இழுத்து, குத்திய இடம் அகன்று போயிருக்கும்.

பட்டும் பருத்தியும் கலந்து நெய்த கூறைநாட்டுப் புடவை வீட்டில் இருந்தால் அதுவே ஒரு சாட்சி. பட்டிழை மட்டும் போய்ப் பருத்தி இழை நின்றால் புழுவையோ காரத்தையோ (சலவைச் சோடா, சுண்ணாம்பு போன்றவை) பிளீச்சையோ நினைக்கலாம். பருத்தி மட்டும் போயிருந்தால் அமிலம். காரம் என்றதும் ஞாபகம் வருகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு பட்ட இடத்தில் ஓட்டை விழுந்ததாகச் சொல்லிக் கொண்டுவருபவர்கள் உண்டு. காரம் பட்டை நலிவாக்கும் என்பது உறுதி. ஆனால் ஒரு துளி சுண்ணாம்பு மட்டுமே ஓட்டை போட்டுவிட்டது என்று சொல்லத் தயங்குவேன். கறையை எடுக்க நகத்தாலும் சோப்பாலும் போட்டுத் தேய்த்ததுதான் பெரும்பாலும் பாதிக் காரணமாக இருக்கிறது.

புழு என்று தெரிந்தால் மருந்துக்கு ஓடுவதற்கு முன் பீரோவைக் காலி செய்யுங்கள். மூலை, தட்டு இடுக்கு, கதவு விளிம்பு எல்லாவற்றையும் வாக்குவம் வைத்தோ ஈரத்துணியாலோ சுத்தம் செய்து, முடியும் தூசியும் இல்லாமல் ஆக்குங்கள். புடவையை நிழலில், காற்றோட்டத்தில் விரித்து, மெல்லிய பிரஷால் மடிப்புகளைத் தட்டுங்கள். பட்டை நேர் வெயிலில் போட வேண்டாம், நிறமும் போகும் இழையும் நலியும். முட்டை மிச்சம் இருக்குமோ என்று பயமிருந்தால், புடவையை நன்றாக உலர்ந்த நிலையில் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரை போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூடு வரும்வரை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் துணியில் ஈரம் படியும். பிறகு துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். அடைமழை மாதங்களில் பீரோ சுவரோடு ஒட்டி இருந்தால் ஒரு சாண் முன்னே தள்ளி வையுங்கள். உடுத்திய புடவையை வியர்வையும் சந்தனமும் காயாமல் திரும்ப உள்ளே வைப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பாச்சை உருண்டை பற்றி. அதிலிருந்து வரும் நாப்தலின் வாயு இறுக்கமாக மூடிய பெட்டிக்குள் தேங்கினால்தான் வேலை செய்யும். தினமும் பத்து தடவை திறக்கும் பீரோவில் அது வெறும் வாசனை. வாயு காற்றைவிடக் கனமானது, அதனால் துணிக்கு மேலே, சின்னத் துணிப்பையில் கட்டி வைக்க வேண்டும். ஜரிகையின் மேல் நேராகப் படக்கூடாது. பச்சைக்குழந்தையின் துணி வைக்கும் இடத்தில் போடவே போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலின் வாடையேறிய துணியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை தீவிரமாகும். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது முன்கூட்டித் தெரிவது அரிது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நம் வீடுகளில் காலங்காலமாக வைக்கிறோம். வசம்பில் பூச்சியை விரட்டும் சத்து இருப்பது உண்மை. தடுப்பாக வைக்கலாம், ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் புழு அதனால் சாகும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். எதுவானாலும் துணியில் முடிந்து வையுங்கள், இலை நேராகப் பட்டால் கறை பிடிக்கும்.

டி-ஷர்ட்டுக்கு இன்றே தொடங்கக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். ஏற்கெனவே உள்ள ஓட்டைகளைச் சுற்றிக் கலர் நூலால் ஒரு சின்னத் தையல் போடுங்கள், பழையது எது புதியது எது என்று தெரியும். புதிய டி-ஷர்ட் ஒன்றைத் துவைத்து, உடுத்தாமல் அதே பீரோவில் அதே அடுக்கில் வையுங்கள். இன்னொன்றை உடுத்துங்கள், ஆனால் சமையல் மேடையில் நிற்கும்போது கட்டித் துணியில் ஏப்ரன் கட்டுங்கள், ஜீன்ஸ் போடும் நாளில் பட்டனுக்கு மேல் துணி டேப் ஒட்டுங்கள். மூன்றாவதை வழக்கம்போல் உடுத்தி மெஷினில் போடாமல் கையால் துவையுங்கள். இரண்டு மாதம் போகட்டும். பீரோவில் சும்மா இருந்ததில் ஓட்டை விழுந்தால் நான் சொன்னது தவறு, பூச்சியைத் தேடத் தொடங்கலாம். கையால் துவைத்ததிலும் வயிற்றுப் பக்கம் ஓட்டை வந்து, ஏப்ரன் கட்டியது தப்பினால் மேடையோ பட்டனோதான். கையால் துவைத்தது தப்பினால் மெஷினைத் திறந்து பஞ்சு தடவிப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்றால், டி-ஷர்ட் ஓட்டைகள் உரசலால் வந்தவை என்பதில் எனக்கு அநேகமாகச் சந்தேகம் இல்லை. பறப்பது நெல் அந்து என்பது நல்ல ஊகம், நெல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். புடவைக்கு நான் இன்னும் எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை, ஓட்டைகள் எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. மடித்துப் பார்த்த பிறகு எழுதுங்கள். துவைக்காமல், உருளையில் அழுத்திச் சுருக்கம் எடுக்கும் ரோலிங்குக்கும் கொடுக்காமல், ஓட்டையின் ஓரம் தெரியும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படமும், மடித்த நிலையில் ஒரு படமும் எடுத்துப் போட்டால் இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும். ரோலிங் உருளையில் ஒரு முறை போய்விட்டால் நலிந்த இழை நசுங்கித் தடயமும் போகும், சின்ன ஓட்டை பெரிதாகவும் ஆகும். ஓட்டை விரலளவுக்குள் இருந்தால் டார்னிங் செய்து காப்பாற்றிவிடலாம். அதற்கு அதே புடவையின் உள் ஓரத்திலிருந்து இழை உருவி எடுப்பதுதான் நல்லது, நிறம் பொருந்திப்போகும். திருபுவனம், கும்பகோணம் பக்கம் அந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அதுவரை புடவையை ஹேங்கரில் தொங்கவிடாமல், வேட்டியில் தளர்வாகச் சுற்றிப் படுக்கை வசமாக வைத்திருங்கள்.